மேடையில் பிள்ளை, கீழே குடும்பம்



ஒரு பிள்ளை மேடையேறி இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாக ஆடுகிறது. அதற்காகத் தாய், தந்தை, பாட்டி, தம்பி, தங்கை என ஒரு குடும்பமே விடியுமுன் எழுந்து, நெடுந்தொலைவு பயணம் செய்து, மாலை வரை ஒரு மண்டபத்தில் காத்துக் கிடக்கிறது. அயர்லாந்து மக்களின் நடனப் போட்டிகளில் ஆண்டு முழுவதும் காணக் கிடைக்கும் காட்சி இது. இத்திங்கள் அந்த மண்டபத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல விழைகிறேன்.

'நடனப் போட்டிக்கும் நமக்கும் என்ன தொடர்பு?' எனச் சிலர் வினவலாம். நடனம் பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆராய்வது இப்பகுதியின் நோக்கமன்று. பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் உலகெங்கும் உளர். மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் அவர்களுடைய கடமை யாது? இதுவே நாம் எழுப்பும் கேள்வி. இக்கேள்விக்கு அயர்லாந்து நடனப் போட்டிகள் நல்ல விடையும் தருகின்றன. கசப்பான விடையும் தருகின்றன. இரண்டுமே நாம் அறியத்தக்கவை.

மொழிக்காகக் கூடிய கூட்டம்

இப்போட்டிக்கு ஐரிஷ் மொழியில் 'ஃபெஷ்' என்று பெயர். விழா என்பது அதன் பொருள். போட்டிக்கு விழா என்று பெயர் வந்தது ஏன் என்பதை அறிய, அந்நாட்டின் துயர வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழுகியது. அதனையே உணவாகக் கொண்டிருந்த ஏழை மக்களில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். ஏறக்குறைய அதே தொகையினர் கப்பலேறி அமெரிக்காவிற்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். மாண்டவர்களிலும் வெளியேறியவர்களிலும் ஐரிஷ் மொழி பேசியவர்கள் பெருந்தொகையினர். எஞ்சியிருந்தோர் பிழைப்பின் பொருட்டு ஆங்கிலத்தைப் பற்றிக்கொண்டனர். தாய்மொழி தேய்ந்தது.

அம்மொழியை மீட்பதற்காக 1893ஆம் ஆண்டு டப்ளின் நகரில் 'கேலிக் லீக்' என்னும் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவர் டக்ளஸ் ஹைட் என்பார், பின்னாளில், 1938ஆம் ஆண்டில், அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவராகவும் ஆனவர். இலக்கண வகுப்பு மட்டும் நடத்தினால் மக்கள் மொழியிடம் திரும்பி வாரார் என்பதைச் சங்கத்தார் உணர்ந்தனர். ஆகவே பாட்டு, கதை, இசை, நடனம் ஆகிய அனைத்தையும் ஒரே கூட்டத்தில் இணைத்து, ஊர்தோறும் விழா எடுத்தனர். 1897ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இலண்டன் மாநகரின் புளூம்ஸ்பரி மண்டபத்தில், புலம்பெயர்ந்த மக்களுக்காக அவர்கள் நடத்திய ஆடற்கூட்டம் புகழ் பெற்றது. நடனத்திற்கெனத் தனி ஆணையம் 1930இல் அமைந்தது. ஆசிரியர்க்கும் நடுவர்க்கும் தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்குவதும், போட்டி விதிகளை வகுப்பதும் அதன் பணி. 1970இல் டப்ளினில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 2002இல் அப்போட்டி முதன்முறையாக அயர்லாந்துக்கு வெளியே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்றது. 2009இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரை அடைந்தது.

1994ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், டப்ளினில் நடைபெற்ற ஐரோப்பியப் பாடற்போட்டியின் இடைவேளையில் 'ரிவர்டான்ஸ்' என்னும் ஏழு நிமிட நடனம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அதில் முன்னணியில் ஆடிய இருவரும் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். மைக்கேல் ஃபிளாட்லி சிகாகோவில் பிறந்தவர். 1975இல் உலகப் போட்டியில் வென்ற முதல் அமெரிக்கர். ஜீன் பட்லர் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். பஞ்சம் பிழைக்கவும் வேலை தேடியும் கடல் கடந்தோரின் வழிவந்த பிள்ளைகள், பாட்டன் நாட்டின் கலையைப் பாட்டன் நாட்டிற்கே திருப்பிக் கொண்டுவந்து காட்டினர். ஊர்தோறும் நடந்த ஃபெஷ்களும், அவற்றிற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற குடும்பங்களுமே இந்தத் தொடர்ச்சிக்குக் காரணம். அமெரிக்காவில் பிறந்த பேரனும் அயர்லாந்தில் பிறந்த பாட்டியும் ஒரே பொருளைப் பற்றிப் பேச ஓர் இடம் வேண்டியிருந்தது. அவ்விடத்திற்கு விழா என்னும் பெயர் பொருத்தமே அன்றோ?

காலை முதல் மாலை வரை

அமெரிக்க நகரம் ஒன்றில் நடைபெறும் ஃபெஷ்ஷுக்கு ஒரு குடும்பத்துடன் நீங்களும் செல்வதாகக் கொள்ளுங்கள். பெரும்பாலும் சனி அல்லது ஞாயிற்றுக்கிழமை. இடம் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடமாகவோ பெரிய விடுதியின் மண்டபமாகவோ இருக்கும். காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடும். ஒரே கூடத்தில் பல மேடைகள்; மேடைதோறும் ஓர் இசைவாணர், கைகளில் அக்கார்டியன் அல்லது எதிரே கீபோர்டு. ஒரு மேடையின் தாளம் அடுத்த மேடையின் தாளத்தோடு மோதும். நடுவே நூற்றுக்கணக்கான பிள்ளைகள்; அவர்களில் பெண் பிள்ளைகளே மிகுதி.

முழங்கால் வரை உயர்ந்த வெண்ணிறக் காலுறை நழுவாதிருக்க, அதற்கென விற்கும் பசையைத் தாய் பிள்ளையின் காலில் தடவுகிறாள். முன்னாட்களில் போட்டிக்கு முந்தைய இரவு தலைமுடியைச் சிறு சுருள்களாகச் சுற்றிக் கட்டிவிட்டுப் பிள்ளையைத் தூங்க வைப்பார்கள். பின்னர் அந்தத் தொல்லைக்கு மாற்றாகச் சுருள்முடி 'விக்' வந்தது. தந்தையின் தோளில் இரண்டு பைகள். ஒன்றில் மெல்லிய தோற்காலணி. மற்றொன்றில் நுனியிலும் குதியிலும் கண்ணாடி இழை பதித்த கனத்த காலணி. 'ரீல்', 'ஸ்லிப் ஜிக்' ஆகிய ஆட்டங்களுக்கு முன்னது. காலடியோசை எழுப்பும் 'ஹார்ன்பைப்' போன்றவற்றிற்குப் பின்னது. இடுப்பில் எண் அட்டை கட்டப்படுகிறது. அதன் பின் அப்பிள்ளை நடுவர்க்கு ஓர் எண் மட்டுமே.

பிள்ளை மேடையேறுகிறது. பெரும்பாலும் இருவர் ஒரே நேரத்தில் ஆடுவர். உடல் நிமிர்ந்து, கைகள் விலாவோடு ஒட்டி, கால்கள் மட்டுமே ஆடவேண்டும். போட்டி ஆட்டத்தைப் படமெடுக்கப் பெற்றோருக்கு அனுமதி இல்லை. நடுவரிடம் பெற்றோரோ ஆசிரியரோ சென்று பேசுவதும் கூடாது. ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் நடுவர்க்குத் தலைவணங்கி இறங்குவர். பிறகு அடுத்த ஆட்டம் வரை ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ காத்திருப்பு.

இந்த இடைவெளியில்தான் ஒரு குடும்பம் எத்தகையது என்பது வெளிப்படுகிறது. சில தாய்மார் வரிசையில் பிள்ளைகளை ஒழுங்குபடுத்தும் தொண்டிற்குச் சென்றுவிடுவர். சில தந்தையர் தேநீர்க் கடையில் நின்று உதவுவர். அமெரிக்க ஃபெஷ்கள் பலவற்றில் சோடா ரொட்டி சுடும் போட்டியும் உண்டு. ஈஸ்ட் சேர்க்காமல், சமையல் சோடாவும் மோரும் கலந்து சுடும் அயர்லாந்து வீட்டு ரொட்டி அது. பேத்தி ஆடப் போகும் அதே நாளில் பாட்டியும் தம் ரொட்டியோடு ஒரு போட்டியாளராக நிற்கலாம். பெரியவர்களுக்கெனத் தொடக்கநிலை நடனப் பிரிவும் உண்டு. பிள்ளையோடு சேர்ந்து தாமும் கற்கத் தொடங்கிய தாய்மார் அதில் மேடையேறுகின்றனர். அந்தத் தாய்க்கு மேடையின் நடுக்கம் தெரியும். 'ஏன் தடுமாறினாய்?' என்று பிள்ளையிடம் கேட்க அவளுக்கு வாய் வராது.

மற்றொருவரையும் மறந்துவிடலாகாது. அக்காள் ஆடுவதற்காக அழைத்து வரப்பட்ட ஆறு வயதுத் தம்பி நாற்காலியில் கால்களை ஆட்டியபடி எட்டு மணி நேரம் இருக்கிறான். அவனுடைய விடுமுறை நாள் அது. பரிசு வந்தால் அக்காளுக்கு. வராவிட்டால் வீட்டின் வாட்டம் அவனுக்கும் சேர்த்து. பிள்ளைகளுள் ஒருவரின் திறமைக்காக மற்றவர்கள் கொடுக்கும் விலையை எந்த நடுவரும் மதிப்பிடுவதில்லை. பெற்றோர்தாம் மதிப்பிட வேண்டும்.

மதிப்பெண்ணின் கணக்கு

இனி, எல்லாரும் காத்திருக்கும் முடிவுக்கு வருவோம். இங்கு ஒரு செய்தியை நீங்கள் கருத்தூன்றி அறிய வேண்டும்.

தொடக்க நிலைகளில் ஒரே நடுவர். முதலிடம் பெற்றால் பிள்ளை அடுத்த நிலைக்கு உயரும். எனவே ஏறத்தாழத் தனக்கு இணையானவர்களோடுதான் போட்டியிடும். உயர்நிலைப் போட்டிகளில் நடுவர் மூவராகவோ அதற்கு மேலாகவோ இருப்பர். அங்கே நடுவர் இட்ட மதிப்பெண்களை அப்படியே கூட்டுவதில்லை. ஒவ்வொரு நடுவரும் இட்ட மதிப்பெண்ணின்படி வரிசை அமைக்கப்படும். அவ்வரிசையில் முதலிடத்திற்கு 100 புள்ளிகள், இரண்டாமிடத்திற்கு 75, மூன்றாமிடத்திற்கு 65, நான்காமிடத்திற்கு 60, ஐந்தாமிடத்திற்கு 56 எனப் புள்ளிகள் குறைந்துகொண்டே செல்லும். இப்புள்ளிகளைக் கூட்டித்தான் வெற்றி முடிவாகும்.

ஒரு பிள்ளையை மூன்று நடுவர்களும் இரண்டாமிடத்தில் வைத்தால் 75 மும்முறை, ஆக 225. மற்றொரு பிள்ளையை ஒரு நடுவர் முதலிடத்திலும் மற்ற இருவர் நான்காமிடத்திலும் வைத்தால் 100, 60, 60, ஆக 220. எவர் கண்ணிலும் முதல்வராகாத பிள்ளை முந்திவிட்டது! இன்னொரு கணக்கையும் பாருங்கள். இரு நடுவர் முதலிடமும், மூன்றாமவர் பத்தாமிடமும் தந்த பிள்ளைக்கு 100, 100, 43, ஆக 243. அதாவது, ஒரே ஆட்டத்தை ஒரே நேரத்தில் கண்ட பயிற்சி பெற்ற மூவருள் இருவர்க்கு அவள் முதல்வி, ஒருவர்க்குப் பத்தாமவள்.

ஆடியது ஒரே பிள்ளை. ஆடியதும் ஒரே ஆட்டம். எனில், பட்டியலில் காணும் இடம் அப்பிள்ளையின் தகுதியை அளந்த அளவுகோலா? இல்லை. அன்று அம்மேடையில் அமர்ந்த மூவரின் கருத்துகளைக் கணக்கிட்டுப் பெற்ற தொகை அது. அதற்கு மதிப்பு உண்டு, வரம்பும் உண்டு. இதனைப் பிள்ளைக்கு விளக்கத் தெரிந்த தந்தை, பதக்கத்தைவிடப் பெரியதொன்றைக் கொடுத்தவராவார்.

முடிவுப் பட்டியலோடு நடுவரின் சிறு குறிப்புகளும் கிடைக்கும். 'கால்களை இன்னும் குறுக்காக வை', 'தாளத்தைக் கவனி', 'முன்பாதத்தில் உயர்ந்து நில்' என்பன போன்ற குறிப்புகள். உண்மையில் வீட்டிற்கு எடுத்துச் செல்லத்தக்க பரிசு அதுவே. பதக்கம் சென்ற வாரத்து ஆட்டத்தைப் பற்றிப் பேசும். குறிப்பு அடுத்த வாரத்து ஆட்டத்தைப் பற்றிப் பேசும்.

பெரியோரின் வெற்றி வேட்கை

இனிக் கசப்பான விடை. தொடக்கநிலைப் பிள்ளைகள் எளிய ஆடையில் ஆடுவர். மேனிலையை எட்டியதும் கற்கள் மின்னும் தனி ஆடைகள் வருகின்றன. புதிய ஆடை ஒன்றின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டிச் செல்வது வழக்கம். பிள்ளையோ வளர்ந்துகொண்டே இருக்கும்; ஆடை வளராது. ஆகவே பழைய ஆடைகளை வாங்கி விற்பதே ஒரு தனிச் சந்தையாகியுள்ளது. ஆடைக்கு மேல் வகுப்புக் கட்டணம், பயணம், விடுதி வாடகை. இவ்வளவு செலவு செய்த பின், 'இரண்டாமிடம்தானா?' என்னும் சொல் நாவின் நுனிவரை வந்து நிற்பது இயல்பே. அச்சொல்லை விழுங்குவதில்தான் பெற்றோரின் பண்பு இருக்கிறது.

மிகச் சிறு வயதுப் பிரிவுகளில் பிள்ளைகளுக்கு முகப்பூச்சும் ஒப்பனையும் கூடாதென விதி வகுக்கப்பட்டுள்ளது. இவ்விதி யாருக்காக? ஏழு வயதுச் சிறுமி தானாகக் கடைக்குச் சென்று ஒப்பனைப் பொருள் வாங்குவதில்லை. பிள்ளையின் பெயரால் எழுதப்பட்ட விதியாயினும், அது கட்டுப்படுத்துவது பெரியவர்களையே.

2022ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் இதைவிடப் பெரிய அதிர்ச்சி வந்தது. சில ஆசிரியர்களும் நடுவர்களும் தம் மாணவர்களுக்கு உயர்ந்த இடம் கிடைக்கும்படி ஒருவரையொருவர் வேண்டிக்கொண்டனர் எனவும், அதற்குச் சான்றாகக் கைப்பேசிச் செய்திகள் உள்ளன எனவும் குற்றச்சாட்டு எழுந்து, அயர்லாந்து நாளேடுகளில் தலைப்புச் செய்தியாயிற்று. ஆணையம், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஒருவரை முதற்கட்ட விசாரணையை மேற்பார்வையிட அமர்த்தியது. குற்றச்சாட்டு வேறு, நிறுவப்பட்ட குற்றம் வேறு என்பதை நாம் மறத்தல் கூடாது. ஆயினும் இடர் எங்கே இருந்தது என்பது தெளிவு. நடுவர் ஆவோரும் நடன ஆசிரியர்களே. தன் மாணவர்க்குத் தானே நடுவராக அமர முடியாது. ஆனால் இன்று நான் உன் மாணவர்க்கு நடுவர், நாளை நீ என் மாணவர்க்கு நடுவர் என்னும் நிலை, விதி புத்தகத்தால் மட்டும் அடைக்க முடியாத ஓட்டை.

இச்செய்தி வெளிவந்த நாளில் உண்மையாக உழைத்து வென்ற பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். அலமாரியில் உள்ள கோப்பையைப் பார்த்து, 'இது என்னுடையதுதானா?' என ஐயுற வேண்டிய நிலை. தோற்ற பிள்ளைக்குச் செய்த அநீதியோடு, வென்ற பிள்ளையின் மகிழ்ச்சியையும் களவாடுவதே முறைகேட்டின் கொடுமை. எந்தப் பிள்ளையும் இதனை வேண்டிக் கேட்டிருக்காது. வெற்றி பிள்ளைக்கு வேண்டும் என்பதை விடத் தமக்கு வேண்டும் என்று பெரியோர் கருதத் தொடங்கிய இடத்தில் இது தொடங்குகிறது. நடுவரை நாடுவது அதன் பெரிய வடிவம். தோற்ற பிள்ளையிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வது அதன் சிறிய வடிவம். விதை ஒன்றே.

வீடு திரும்பும் வழியில்

மாலையில் கூடம் காலியாகிறது. குடும்பங்கள் வண்டிகளில் ஏறுகின்றன. பதக்கம் பெற்ற பிள்ளையும், பெறாத பிள்ளையும் பின்னிருக்கையில் 'விக்'கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். அன்றைய போட்டியின் கடைசிப் பகுதி இனித்தான் நடக்க இருக்கிறது. அதற்கு நடுவர்கள் தாயும் தந்தையுமே.

வாசகப் பெற்றோரே! உங்கள் பிள்ளை கிராஅத் போட்டிக்குச் சென்றாலும், பேச்சுப் போட்டிக்குச் சென்றாலும், ஓட்டப்பந்தயத்திற்குச் சென்றாலும் இந்த வண்டிப் பயணம் உங்களுக்கும் உண்டு. ஆதலின் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, முடிவு பற்றிய பேச்சைப் பிள்ளை தொடங்கும் வரை நீங்கள் தொடங்காதீர்கள். பசித்திருக்கும், முதலில் உணவு கொடுங்கள். இரண்டாவது, திருத்தம் கூறுவது ஆசிரியரின் பணி. அவர் அடுத்த வகுப்பில் கூறுவார். ஒரே நாளில் ஒரே தவற்றிற்கு மேடையில் ஒரு தீர்ப்பும் வண்டியில் மற்றொரு தீர்ப்பும் பிள்ளைக்கு வேண்டாம். மூன்றாவது, வென்ற பிள்ளையின் பெயரை வீட்டில் நல்லவிதமாகச் சொல்லுங்கள். 'அவளுக்கு வேண்டியவர் நடுவராக இருந்தார்' என்று சான்றின்றிக் கூறும் ஒரு சொல், நம் பிள்ளையின் உள்ளத்தில் உழைப்பின் மீதுள்ள நம்பிக்கையை அறுத்துவிடும். உண்மையாகவே முறைகேடு நடந்திருப்பின், அதனை உரியவர்களிடம் எழுத்தில் முறையிடுங்கள். உணவுத் தட்டின் முன் புலம்பாதீர்கள். நான்காவது, நாள் முழுதும் பொறுத்திருந்த தம்பியையும் தங்கையையும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

வென்று வந்தால் என்ன செய்வது என்றும் கேட்கலாம். அப்போதும் இதே நெறிதான். தோற்ற அன்று எவ்வளவு பரிவோடு சோறிட்டீர்களோ, வென்ற அன்றும் அதே பரிவோடு சோறிடுங்கள். பரிசோடு வந்த நாளில் மட்டும் வீடு ஒளி பெற்றால், பரிசில்லாத நாளில் தான் எங்கே நிற்பது என்று பிள்ளை அறியாது.

போட்டி மேடையில் பிள்ளை ஓர் எண். ஒருவர் அதனை முதலாவதாக வைப்பார். மற்றவர் பத்தாவதாக வைப்பார். அந்த எண் அட்டையைக் கழற்றியதும் பெயர் சொல்லி அழைக்க, கீழே சிலர் காத்திருக்க வேண்டும். குடும்பமாகச் செல்வது அதற்காகவே. அடுத்த முறை உங்கள் பிள்ளை மேடையிலிருந்து இறங்கும்போது அதன் கண்கள் முதலில் பட்டியலைத் தேடுகின்றனவா, உங்களைத் தேடுகின்றனவா என்று பாருங்கள்.